அந்த நான்கு மாதங்களை வீணாக்க வேண்டாம்

பிளஸ் டூ கடைசித் தேர்வு முடிந்த அன்று பிள்ளைகள் ஒருவர் சட்டையில் ஒருவர் மை தெளித்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. கல்லூரி திறக்க மூன்று நான்கு மாதம் இருக்கிறது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அந்த மாதங்கள் எப்படிக் கழிகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். சிலர் வீட்டுக்கு ஒத்தாசையாகக் கடையில் நிற்கிறார்கள். சிலர் அப்பாவோடு தறிக்குப் போகிறார்கள். மற்றவர்களுக்கு மொபைல்தான்.

மே மாதம் ரிசல்ட் வந்ததும் பிரவுசிங் சென்டர் வாசலில் செருப்புகள் குவியும். பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று மாணவரே வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். ஆனால் மவுஸ் இருப்பது சென்டர்க்காரர் கையில். “எதை முதல்ல போடட்டும் அண்ணாச்சி?” என்று அவர் கேட்கிறார். திரையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கிறது. அதிலேயே சைபர் செக்யூரிட்டி என்று தனியாக ஒன்று இருக்கிறது. செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் என்று இன்னொன்று இருக்கிறது. தகப்பனார் மகளைப் பார்க்கிறார். மகள் திரையைப் பார்க்கிறாள். “எது படிச்சா வேலை கிடைக்குமோ அதைப் போடுங்க தம்பி” என்கிறார் தகப்பனார். நான்கு வருடப் படிப்பும் அதற்கு வாங்கப்போகும் கடனும் அந்த ஒரு நிமிடத்தில் முடிவாகிவிடுகின்றன.

மகள் மேல் குற்றமில்லை. அந்தப் பெயர்களுக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. தரவு அறிவியலின் வயிற்றுக்குள் இருப்பது பெரும்பாலும் புள்ளியியல் என்று தெரிந்திருந்தால், கணக்கில் அவளுக்குள்ள ருசியை வைத்து அவளே முடிவெடுத்திருப்பாள். அல்லது வேண்டாமென்று ஒதுக்கியிருப்பாள். இரண்டும் நல்ல முடிவுதான்.

நம் கோரிக்கை இதுதான்: கணினி, இணையப் பாதுகாப்பு, பொறியியல், புள்ளியியல், வரலாறு ஆகிய ஐந்தின் முதல் பாடத்தையும் இந்த இரண்டு ஊர்களிலும் பிளஸ் டூ முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், எந்தக் குரூப் படித்தவராக இருந்தாலும், கல்லூரிக்குப் போகுமுன் தமிழில் கட்டணமில்லாமல் சொல்லித் தர வேண்டும். இதற்கு வேண்டிய மாதங்கள் சும்மா கிடக்கின்றன.

இந்த ஐந்தையும் ஒன்றாகச் சேர்ப்பது பொருந்தாத கூட்டு என்று சிலர் நினைக்கலாம். ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லுக்குள் போய்வந்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அன்று முதல் நூல்தான் இந்த ஊருக்குச் சோறு போடுகிறது. மில்லின் தரக்கட்டுப்பாட்டு லேபில் நூலைச் சுற்றி எடுக்கும் ஒரு ரீல் இருக்கும். சுற்றளவு ஒன்றரை கெஜம். 80 சுற்று சுற்றினால் 120 கெஜம். அதற்கு ஒரு லீ என்று பெயர். ஏழு லீ சேர்ந்தால் 840 கெஜம், அது ஒரு ஹேங்க். ஒரு பவுண்டு எடைக்கு 40 ஹேங்க் நின்றால் அது நாற்பதாம் நம்பர் நூல். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த நூலில் ஒரு லீயின் எடை 1.62 கிராம் வரும்.

மூன்று லீ எடுத்து நிறுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மெஷின் நூலில் 1.60, 1.62, 1.64 கிராம். பக்கத்து மெஷின் நூலில் 1.40, 1.62, 1.84 கிராம். இரண்டுக்கும் சராசரி ஒன்றுதான், 1.62. சராசரியை மட்டும் எழுதிக்கொண்டு போனால் இரண்டும் நல்ல நூல். தறியில் ஏற்றினால் இரண்டாவது நூல் அறுந்து அறுந்து விழும். சராசரி சொல்லாத விஷயத்தை ஏற்ற இறக்கம் சொல்லும் என்பதுதான் புள்ளியியலின் முதல் பாடம். லேபில் வேலை பார்க்கும் பெண்கள் இதைத் தினமும் செய்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளோ ‘திட்ட விலக்கம்’ என்ற சூத்திரத்தை அது எதற்கென்று தெரியாமலே மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறார்கள். ஒரே வீட்டுக்குள் இருக்கும் இரண்டு அறிவையும் சேர்த்துவைக்க ஒரு ஆசிரியர் போதும். ஒரு மதியம் போதும்.

தறியிலிருந்தே கணினிக்கும் போகலாம். பிரான்சில் ஜக்கார்டு 1804 வாக்கில் செய்த தறியில், எந்த இழை மேலே ஏற வேண்டும் என்பதை அட்டையில் போட்ட துளைகள் தீர்மானித்தன. நம் நெசவாளர்கள் இன்றும் ஜக்கார்டு பெட்டி என்றுதான் சொல்கிறார்கள். பின்னாளில் துளையிட்ட அட்டையைக் கொண்டு எண்ணும் இயந்திரத்தை ஹெர்மன் ஹாலரித் செய்தார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதை வைத்துத்தான் எண்ணப்பட்டது. நெசவும் புள்ளிவிவரமும் கணினியும் ஒரே அட்டையில் சந்தித்துக்கொண்டன. பட்டியல் பட்டியலாகக் கட்டளைகளை ஒப்பிக்கும் பிள்ளைக்கு முதலில் இதைச் சொன்னால், கணினி என்பது வரிசை தவறாமல் சொன்னபடி செய்யும் ஒரு தறி என்பது பிடிபட்டுவிடும். மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னுக்கு சி பிளஸ் பிளஸ்ஸும் பிளஸ் டூவுக்குப் பைத்தானும் இருக்கின்றன. அவை கணினி அறிவியல் எடுத்தவர்களுக்கு மட்டுமே. வணிகவியலோ வரலாறோ எடுத்த பிள்ளைகளில் பலர் அந்தப் பக்கமே போவதில்லை.

எண்களைப் படிக்கத் தெரியாததால் மாவட்டமே குழம்பிக் கிடக்கிறது. பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது நம் விருதுநகர் மாவட்டம். அதே விருதுநகரைத்தான் 2018இல் மத்திய அரசு, முன்னேற்றத்துக்குத் தனிக் கவனம் வேண்டிய மாவட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை ராமநாதபுரமும் விருதுநகரும்தான். முதலிடமா, பின்தங்கியதா? இரண்டு எண்களும் வெவ்வேறு விஷயங்களை அளக்கின்றன. இந்த வித்தியாசம் தெரியாதவரை மேடையில் சொல்லப்படும் எந்தச் சதவீதத்துக்கும் நாம் கைதட்டிக்கொண்டே இருப்போம்.

இணையப் பாதுகாப்பைப் பொறுத்தவரை இன்னும் அவசரம். பள்ளியை விட்டு, கல்லூரியில் சேராமல் இருக்கும் இந்த இடைவெளிதான் மோசடிக்காரர்களுக்கு வாகான நேரம். “வீட்டிலிருந்தே வேலை” என்று டெலிகிராமில் செய்தி வரும். பேங்க் அக்கவுண்டையும் சிம் கார்டையும் கொடுத்தால் மாதாமாதம் பணம் என்பார்கள். கொடுத்த பிள்ளைக்கு, யாரோ ஒருவரிடம் திருடிய பணம் தன் கணக்கு வழியாகப் போகிறது என்று தெரியாது. கணக்கு முடக்கப்பட்டு, வேற்று மாநிலப் போலீஸ் தேடி வரும்போதுதான் வீட்டுக்கே விஷயம் தெரியும். தெரிந்திருக்க வேண்டியவை மூன்று. பணம் வாங்குவதற்கு PIN நம்பர் போட வேண்டியதில்லை. வீடியோ காலில் யாரையும் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமில்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். இந்த மூன்றையும் ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால் வீட்டிலுள்ள தாத்தா பாட்டிக்கும் பாதுகாப்பு. இது சின்ன ஊர்களுக்கு வராத ஆபத்து என்று இருந்துவிட முடியாது. 2019இல் நமக்குத் தெற்கே கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றிலேயே தீநிரல் புகுந்தது. முதல் நாள் நிலையம் அதை மறுத்தது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது.

வரலாறு எதற்கு என்ற கேள்வியைத்தான் பெற்றோர் அதிகம் கேட்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு ஒரு உதாரணம் சொல்லலாம். தமிழக அரசு முத்திரையில் இருப்பது நம்மூர்க் கோபுரம் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். முத்திரையை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ், மதுரை மேலக் கோபுரத்தைப் பார்த்து வரைந்ததாகச் சொன்னார் என்ற தகவலும் உண்டு. இரண்டில் எது சரி? யார் சொன்னது, எப்போது சொன்னது, எழுத்தில் இருக்கிறதா, வாய்வழிச் செய்தியா என்று ஆதாரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் வரலாற்றுப் பாடம். நமக்குப் பிடித்த பதிலையும் அப்படிச் சோதித்துப் பார்க்கத் துணிவு வேண்டும். அந்தப் பழக்கம் வந்த பிள்ளை வாட்ஸ்அப்பில் வரும் வதந்தியை அடுத்தவருக்கு அனுப்பாது. வரலாறும் இணையப் பாதுகாப்பும் ஒரே வகுப்பில் இருக்க வேண்டும் என்று நாம் சொல்வதற்கு இதுவே காரணம். ஆதாரத்தைத் தேடுவதற்கும் பழக்கம் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது, பிறகு ராமநாதபுரத்தில், 1985க்குப் பின் இன்றைய மாவட்டத்தில். நம்மூரின் பழைய காகிதத்தைத் தேடுபவருக்கு எந்த ஊர் அலமாரியைத் திறக்க வேண்டும் என்றாவது தெரிந்திருக்க வேண்டாமா?

இதற்கு எதிராக மூன்று பேச்சுகள் வரும். கல்லூரியில் சொல்லித் தர மாட்டார்களா என்பது ஒன்று. சொல்லித் தருவார்கள், பிரிவைத் தேர்ந்தெடுத்த பிறகு. எல்லாம் யூடியூபில் இருக்கிறதே என்பது இன்னொன்று. இருக்கிறது, எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தவருக்கு. தமிழில் படித்து என்ன பயன் என்பதுதான் மூன்றாவது, பழைய பேச்சு. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் பாடங்களைத் தமிழ்வழியில் தொடங்கியது. 2023இல் உறுப்புக் கல்லூரிகளில் அதை நிறுத்தப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் முடிவைக் கைவிட்டது. அறிவைத் தமிழில் சொல்வது புதிதும் அல்ல: பெரியசாமித் தூரன் ஆசிரியராக இருந்து உருவாக்கிய தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954இலேயே வந்துவிட்டது. மேற்படிப்பு எந்த மொழியில் என்பது வேறு விவாதம். முதல் தடவை ஒரு விஷயம் மனதில் உட்காருவது தாய்மொழியில்தான். உட்கார்ந்த பிறகு எந்த மொழிக்கும் அதை எடுத்துப் போகலாம்.

ஆள் பலத்துக்கும் குறைவில்லை. கிருஷ்ணன்கோவிலில் 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். ராஜபாளையத்தில் ராமசாமி ராஜா பாலிடெக்னிக் 1963 முதலும், ராஜூக்கள் கல்லூரி 1973 முதலும், ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி 2013 முதலும் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் வருடத்தில் பத்துச் சனிக்கிழமை தங்கள் மூத்த ஆசிரியர்களை அனுப்பினால் போதும். மில்களின் தரக்கட்டுப்பாட்டு ஊழியர்களையும் மாவட்ட சைபர் கிரைம் போலீசாரையும் அழைக்க வேண்டும். 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின்கீழ் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்றில் மட்டும் கறாராக இருக்க வேண்டும்: கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் கூட்டமாக எந்த வகுப்பும் மாறக் கூடாது, நோட்டீஸ் கொடுக்கவும் போன் நம்பர் வாங்கவும் அனுமதி கிடையாது என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இடமும் இருக்கிறது. சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தன் வீட்டையே கொடுத்து உண்டாக்கிய காந்தி கலை மன்றம் ராஜபாளையத்தில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் 1875 முதல் ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிக்க இடம் கொடுத்துவருகிறது. வரும் ஏப்ரலில் இந்த இரண்டு இடங்களிலும் முதல் வகுப்பு தொடங்கும் என்று மாவட்ட நிர்வாகம் இப்போதே அறிவிக்க வேண்டும். தலைமையாசிரியர்கள் கடைசித் தேர்வுக்கான ஹால் டிக்கெட்டோடு அந்த வகுப்புக்கான சீட்டையும் சேர்த்து மாணவர் கையில் கொடுக்க வேண்டும்.