எதிரே வருபவர் கண்ணும் கண்தானே!

சென்னைப் புறநகர் ரோடுகளில் இரவு 9 மணிக்கு மேல் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். எதிரே லாரி வருகிறது என்று பயந்து ஓரங்கட்டினால், கடந்து போவது ஒரு பைக்! ஹெட்லைட் ஒன்று. அதற்குக் கீழே இரண்டு. ஹேண்டில்பாரில் இன்னும் இரண்டு. கல்யாண ஊர்வலம் தோற்றது!

எக்ஸ்ட்ரா லைட் மாட்டுகிறவர்கள் எல்லாரும் ஷோ காட்டும் வாலிபர்கள் அல்ல. ராத்திரி ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் தொழிலாளி, விடிகாலை 3 மணிக்குக் கோயம்பேடு மார்க்கெட்டுக்குக் கிளம்பும் காய்கறிக் கடைக்காரர், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு போகும் பையன் ஆகியோரும் மாட்டுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "தெருவிளக்கு எரியலை சார், பள்ளம் தெரியலை, நடுரோட்டுல மாடு படுத்திருக்கு" என்கிறார்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை. சின்ன பைக்குகளில் உள்ள ஹாலஜன் பல்பு பெரும்பாலும் 35 வாட்தான். மழையில் தார் ரோடு நனைந்துவிட்டால் அந்த வெளிச்சத்தை ரோடே விழுங்கிவிடும். பள்ளம் எது, தண்ணீர் எது என்று புரியாது.

ஆனால் அந்த லைட்டை எதிரே வருபவர் முகத்துக்கு நேராகத் திருப்பி வைப்பது என்ன நியாயம்?

40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடும். கூசிய கண் தெளிய 2 விநாடி ஆனாலே 22 மீட்டர் குருட்டு ஓட்டம். இரண்டு மாநகர பஸ்களை வரிசையாக நிறுத்திய நீளம்! வயதானவர்களுக்குக் கண் தெளிய இன்னும் நேரமாகும். அதற்குள் ஒருவர் ரோட்டைக் கடந்தால் அவர் கதி என்ன? கண் கூசியவர் தடுமாறி மோதப் போவது லைட் மாட்டியவர் மீதாகவும் இருக்கலாம்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, அரை மீட்டர் வலப்பக்கத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணை வெளிச்சம் கூசவைக்கக் கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 106. முன்பக்கம் சிவப்பு விளக்கும் கூடாது. அனுமதியில்லாத மாற்றம் செய்தால், 2019 சட்டத் திருத்தப்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்!

அந்தக் காலத்தில் ஹெட்லைட் நடுவில் கறுப்புப் பொட்டு இல்லாத வண்டியை டிராபிக் போலீசார் ஓரங்கட்டுவார்கள். இப்போது பொட்டும் இல்லை, கேள்வியும் இல்லை. திடீரென்று ஒருநாள் வேட்டை நடக்கும். சிக்கியவர் அழுவார். மாட்டிக் கொடுத்த மெக்கானிக் அடுத்த வண்டிக்கு மாட்டிக் கொண்டிருப்பார். போலீசார் முதலில் போகவேண்டிய இடம் ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும்தான். பியூஸ், ரிலே இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக ஒயரை இழுத்து முடிச்சுப் போடுகிற வேலையையும் அப்படியே பார்த்துவிட்டு வரலாம். ஷார்ட் ஆனால் வண்டியே எரியும்.

சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சுவர் போதும். இருட்டிய பிறகு 25 அடி தள்ளி வண்டியை நேராக நிறுத்தி லைட்டைப் போட வேண்டும். சுவரில் விழும் பளீர் வெளிச்சம் லைட்டின் உயரத்துக்குக் கீழே நிற்கவேண்டும். மேலே ஏறினால் கீழே திருப்ப வேண்டும். பின்னால் ஆள் உட்கார்ந்த பிறகு இன்னொரு தடவை பார்ப்பது அவசியம். மனைவி, பிள்ளைகள் ஏறினால் பின்பக்கம் அமுங்கும், வெளிச்சம் வானத்தைப் பார்க்கும்!

மற்றவர்கள் கண்ணில் படத்தான் இத்தனை லைட் என்கிறவர்களும் உண்டு. 2017 ஏப்ரல் முதல் புது பைக்குகளில் ஹெட்லைட் பகலிலும் எரிகிறது. அணைக்க சுவிட்சே கிடையாது. (இன்னமும் எதிரே வருகிறவர்கள் விரலை மடக்கி நீட்டி, "லைட்டு எரியுது" என்று ஜாடை காட்டுகிறார்கள், பாவம்!) முன்பக்கத்துக்கு அதுவே போதும். இவர்களில் பலர் பின்னால் எரியாத சிவப்பு விளக்கோடும், உடைந்த ரிப்ளெக்டரோடும் போகிறார்கள். லாரி பின்னாலிருந்தும் வருமே!

மாநகராட்சிக்கும் ஒரு வார்த்தை. எரியாத தெருவிளக்கைக் கணக்கெடுத்து எரியவைத்தாலே, பாதிப் பேர் லைட்டுக் கடைப்பக்கம் போகமாட்டார்கள்.