செருகியவன் குற்றமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

வைக்கோற்போர் தீப்பிடிக்கும், கூரை வீடு தீப்பிடிக்கும், பட்டாசுக் கிடங்கு தீப்பிடித்த செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம். ஆனால் கணிப்பொறிக்குள் குளிர்விசிறிகள் புடைசூழ வீற்றிருக்கும் ஓர் அட்டை கருகிப் புகைந்தது என்றால் வியப்பாகத்தான் இருக்கிறது. அதுவும் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய அட்டை! விஞ்ஞானத்தின் சிகரம் என்று விளம்பரம் செய்யப்பட்ட அந்தப் பொருள், வாங்கிய சில நாட்களிலேயே பிளாஸ்டிக் உருகி நாறியது. ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த விடையின் சாரம், வாங்கியவர் ஒயரைச் சரியாகச் செருகவில்லை என்பதே.

இந்த விடையில் எனக்கு உடன்பாடு இல்லை. அதற்கான காரணங்களை மாணவ நண்பர்கள் முன்பும் பேராசிரியப் பெருமக்கள் முன்பும் வைக்கவே இதை எழுதுகிறேன்.

கணிப்பொறித் திரையில் தோன்றும் காட்சிகளை வரைவதற்கென்றே அமைந்தது கிராஃபிக்ஸ் கார்டு. விளையாட்டுகளுக்காகப் பிறந்த இது, இன்று திரைப்படத் தந்திரக் காட்சிகளுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளுக்கும் தோள் கொடுக்கிறது. அமெரிக்காவின் என்விடியா நிறுவனம் 2022 அக்டோபர் 12-ஆம் நாள் விற்பனைக்கு விட்ட ஆர்டிஎக்ஸ் 4090 என்ற அட்டையை எடுத்துக்கொள்வோம். பெரிய தபால்தலை அளவே உள்ள அதன் சில்லில் 7,630 கோடி டிரான்சிஸ்டர்கள்! அமெரிக்காவில் அப்போது அதன் விலை 1,599 டாலர். அது உண்ணும் மின்திறன் 450 வாட். நம் வகுப்பறையில் சுழலும் மின்விசிறிகளில் ஆறுக்குத் தேவையான மின்சாரத்தை இந்த ஒரே அட்டை விழுங்குகிறது.

விற்பனை தொடங்கி இரண்டு வாரத்திற்குள் முதற் புகார் எழுந்தது. அட்டைக்கு மின்சாரம் கொண்டுவரும் செருகி உருகிவிட்டது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் புகார்கள். தீப்பிடித்தது என்று ஊர் பேசினாலும், பெரும்பாலானவற்றில் சுவாலை எழவில்லை. ஊசிகள் கருகி, பிளாஸ்டிக் உருகி, நாற்றம் கிளம்பியதோடு நின்றது. ஆயினும் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் மேசைக்கடியில் இப்படி ஒன்று நடந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தூக்கம் வந்திருக்காது.

இங்கே நம் பாடப்புத்தகத்தைச் சற்றுத் திறக்க வேண்டும். மின்திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிய தொகை. அதே 450 வாட்டை வீட்டுச் சுவரின் 230 வோல்ட்டிலிருந்து எடுத்தால் இரண்டு ஆம்பியர் போதும். கணிப்பொறிக்குள் இருப்பதோ 12 வோல்ட். எனவே 37.5 ஆம்பியர் ஓடியாக வேண்டும். நம் மின்வாரியம் நெடுந்தூரம் மின்சாரம் அனுப்பும்போது 1,10,000 வோல்ட், 2,30,000 வோல்ட் என்று அழுத்தத்தை உயர்த்துவது எதற்காக? ஓட்டத்தைக் குறைத்தால் கம்பியின் சூடு குறையும் என்பதற்காக. கணிப்பொறிக்குள் நடப்பது இதற்கு நேர் எதிர். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது ஜூல் விதி. அந்த விதி ஏழை பணக்காரன் பார்ப்பதில்லை. மோட்டார் கொட்டகை ஸ்டார்ட்டருக்கும் அதுதான், ஒன்றரை லட்ச ரூபாய் அட்டைக்கும் அதுதான்.

பழைய அட்டைகளில் எட்டு முனைச் செருகி இருந்தது. அதன் வழியே 150 வாட்தான் எடுக்கலாம் என்பது விதி. மூன்று ஊசிகள் அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும்; ஓர் ஊசிக்குச் சுமார் 4.2 ஆம்பியர். அந்த ஊசியோ ஏறத்தாழ இரு மடங்கு தாங்க வல்லது. புதிய செருகிக்கு 12விஎச்பிடபிள்யூஆர் என்று பெயர். (இப்பெயரை ஒரே மூச்சில் சொல்பவருக்குப் பேச்சுப் போட்டியில் பரிசே கொடுக்கலாம்!) அதில் 600 வாட் வரை அனுமதி. மின்சாரம் கொண்டுவரும் ஊசிகள் ஆறு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மொத்தம் 50 ஆம்பியர், ஊசிக்கு 8.3 ஆம்பியர். ஊசியின் தாங்குதிறன் சுமார் 9 முதல் 9.5 வரை. ஊசிகளின் இடைவெளியும் 4.2 மில்லிமீட்டரிலிருந்து 3 மில்லிமீட்டராகச் சுருங்கிவிட்டது. ஆக, உருவம் சிறுத்தது, சுமை பெருத்தது, இரு மடங்காக இருந்த பாதுகாப்பு இடைவெளி பத்தில் ஒரு பங்கு அளவிற்குத் தேய்ந்தது.

எங்கள் ஊர்த் திருவிழாவில் ஆறு பேர் சேர்ந்து சப்பரம் தூக்குவார்கள். இருவர் தோளைச் சற்றே தாழ்த்திவிட்டால் சப்பரத்தின் எடை குறைந்துவிடாது. மற்ற நால்வர் தோளில் ஏறும். செருகியிலும் இதுவே நடக்கிறது. இரண்டு ஊசிகள் சரியாகத் தொடாமல் அவற்றின் மின்தடை கூடினால், அவை தூக்க வேண்டிய ஆம்பியர் நன்றாகத் தொடும் ஊசிகளின் தலையில் விழுகிறது. சப்பரம் தூக்குபவன் "ஐயோ, தோள் போச்சே!" என்று கத்துவான். ஊசிக்கு வாய் இல்லை. அது சுடும், மேலும் சுடும், பிறகு உருகும்.

2022 நவம்பரில் என்விடியா தன் ஆய்வு முடிவை வெளியிட்டது. உலகம் முழுவதும் சுமார் 50 நிகழ்ச்சிகள்தாம் தங்களுக்குத் தெரியும் என்றும், செருகி முழுவதுமாக உள்ளே செல்லாததே பொதுவாகக் காணப்படும் காரணம் என்றும் கூறியது. எந்தக் கம்பெனி அட்டையானாலும், எந்த ஒயரானாலும், கெட்டதை மாற்றித் தர முன்வந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. அமெரிக்காவில் கணிப்பொறிச் சாதனங்களைச் சோதிக்கும் கேமர்ஸ் நெக்சஸ் என்ற குழுவினரும், அரைகுறையாகச் செருகி, ஒயரை ஒரு பக்கமாக வளைத்தால் உருகுகிறது என்று செய்தே காட்டினார்கள். அரைகுறைச் செருகல் உண்மை. அதனால் சூடேறுவதும் உண்மை. நான் கேட்பது வேறு. அரைகுறையாகச் செருகியும் இயங்கத் தொடங்கும்படி அந்த அட்டையைப் படைத்தது யார்?

நம் வீட்டு மூன்று முனை பிளக்கை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மேலே உள்ள எர்த் முனை மட்டும் ஏன் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது? செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது அது கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காக. பிளக்கைச் செருகும் கை, தூக்கக் கலக்கத்தில் இருக்கலாம், ஈரமாக இருக்கலாம், ஒரு குழந்தையின் கையாகக்கூட இருக்கலாம் என்று நினைத்துப் பார்த்த ஒருவர் அதை வடிவமைத்திருக்கிறார். குக்கருக்கு விசிலோடு நிறுத்தாமல் பாதுகாப்பு வால்வு என்று இன்னொன்று வைத்தார்களே, ஏன்? துவாரத்தில் பருப்பு அடைத்துக்கொள்ளும் என்று தெரியும். சமைக்கும் பெண்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் அச்சடித்துவிட்டு அவர்கள் ஒதுங்கிக்கொள்ளவில்லை. பீஸ் கட்டையும் இப்படி வந்ததுதான்.

இந்த விஷயம் எனக்கு ஏன் உறைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் வீட்டிற்கு எந்த இயந்திரம் வந்தாலும் அது முதல் முறையாகத்தான் வரும். நான்கு ஆண்டுகளுக்கு முன் சீட்டுப் பணத்தில் ஒரு மிக்ஸி வாங்கினோம். மூன்றாம் மாதம் அதன் பிளக் கருகியது. கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒழுங்கா அழுத்திச் சொருகத் தெரியலைன்னா இப்படித்தாம்மா ஆகும்" என்றார். அம்மா பதில் பேசவில்லை. புது பிளக்கை நானே மாட்டினேன், இன்றும் ஓடுகிறது. ஆனால் அம்மா அதைத் தொடுவதில்லை. நான் ஊரில் இல்லாத நாட்களில் அம்மியில்தான் அரைக்கிறார். பழி சொல்லப்பட்டவர் இயந்திரத்தை விட்டே விலகிப்போகிறார். இந்த நஷ்டம் எந்தக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. கணிப்பொறி ஆய்வகத்தில் முதல் முறையாக மவுஸைப் பிடித்தபோது, கெட்டுப்போனால் நம்மைத்தான் சொல்வார்களோ என்று கை நடுங்கிய நண்பர்கள் நம் வகுப்பிலேயே சிலர் உண்டு. அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பயன்படுத்துபவர் மீது முதற்சந்தேகம் விழுவதும், பிறகு கோளாறு வேறிடத்தில் இருந்ததாகத் தெரிவதும் இத்துறையில் புதிதல்ல. 2021 ஜூலையில் நியூ வேர்ல்டு என்ற விளையாட்டை வெள்ளோட்டம் விட்டபோது, அதை ஆடியவர்களில் சிலருடைய ஆர்டிஎக்ஸ் 3090 அட்டைகள் உயிரை விட்டன. விளையாட்டுதான் அட்டையைக் கொன்றது என்றார்கள். அவற்றில் இரண்டு டஜன் அட்டைகளைத் திரும்பப் பெற்று ஆராய்ந்த ஈவிஜிஏ நிறுவனம், தன் தயாரிப்பில் ஈயப் பற்றவைப்பு சரியில்லை என்று தானே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ளவும் முடிகிறதல்லவா!

செருகி விவகாரத்திலும் ஒரு சான்று உண்டு. கேபிள்மாட் என்ற நிறுவனம், ஒயரை வளைக்காமல் மாட்டுவதற்கென்று கோண வடிவ இடைச்செருகி ஒன்றை விற்றது. அதுவும் தளர்ந்தது, சூடேறியது, உருகியது. 272 புகார்கள் வந்தன. 2024 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவிப்போடு, சுமார் 25,300 இடைச்செருகிகள் திரும்பப் பெறப்பட்டன. வாங்கியவர்கள் எல்லோருமே செருகத் தெரியாதவர்கள் என்று அங்கே யாரும் வாதாடவில்லை.

இன்னும் வலுவான சான்று, செருகியின் அமைப்பையே திருத்தியதுதான். 2023-இல் 12வி-2x6 என்ற புதிய வடிவம் வந்தது. செருகி முழுதாக உள்ளே போயிற்றா என்று உணரும் நான்கு சிறு ஊசிகளின் நீளம் குறைக்கப்பட்டது. மின்சாரம் தாங்கும் ஊசிகளின் நீளம் சற்றுக் கூட்டப்பட்டது. அரைகுறையாகச் செருகினால் உணரும் ஊசி தொடாது, அட்டை முழுச் சுமையை இழுக்காது. குற்றமெல்லாம் செருகியவனுடையதே என்றால் ஊசியைத் திருத்துவானேன்? திருத்தியதை நான் பாராட்டுகிறேன். அந்த மூன்று முனை பிளக்கைச் செய்தவரின் புத்தி அதில் தெரிகிறது. ஆனால் வேலை பாதியில் நின்றுவிட்டது.

2025 ஜனவரி 30-ஆம் நாள் ஆர்டிஎக்ஸ் 5090 வந்தது. 1,999 டாலர்; 575 வாட். ஓர் ஊசிக்குச் சராசரியாக எட்டு ஆம்பியர் என்று கொள்ளலாம். பிப்ரவரியிலேயே மறுபடியும் உருகிய செருகிகளின் படங்கள்! டெர்பவர் என்ற பெயரில் இயங்கும் ஜெர்மானியர் ஒருவர் தம் சொந்த அட்டையை ஓடவிட்டு, ஒவ்வொரு ஒயரிலும் ஓடும் மின்னோட்டத்தைத் தனித்தனியே அளந்தார். ஒரு ஒயரில் 20 ஆம்பியருக்கு மேல். இன்னொன்றில் இரண்டு ஆம்பியர் அளவுதான். மின்வழங்கிப் பக்கத்துச் செருகியின் வெப்பம் சில நிமிடங்களில் சுமார் 150 டிகிரியைத் தொட்டது. இத்தொழிலிலேயே ஊறிய அவருக்குச் செருகத் தெரியாது என்று சொல்ல யாருக்கும் துணிவு வராது. சப்பரம் மீண்டும் ஒரு தோளுக்குச் சாய்ந்துவிட்டது. செருகியை நன்றாக உள்ளே தள்ளிவிட்டால் மட்டும் ஆறு ஊசிகளும் சமமாகச் சுமக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதே இதன் பொருள்.

விற்ற அட்டைகளில் உருகியவை மிகச் சொற்பம், அதற்கு இவ்வளவு கூச்சலா என்று சில நண்பர்கள் என்னிடம் வாதாடினார்கள். சொற்பம்தான். ஆனால் யாருடைய அட்டை உருகும் என்பதை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. வெளியே பார்த்தால் எல்லாச் செருகிகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. மின்விசிறி ஆறின் மின்சாரம் ஒரு விரல் அகலத்திற்குள் நுழையும் இடத்தில், சொற்பம் என்ற சொல் எனக்குத் தைரியம் தரவில்லை. தவிர, கணிப்பொறியைத் தானே பூட்டும் இளைஞர்கள் இன்று நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். கடன் வாங்கி அட்டை வாங்கி, கல்யாண வீடியோ தொகுத்துப் பிழைப்பவர் ஒருவருக்கு அந்தச் சொற்பத்தில் தாம் விழுந்தால் அது முழு நஷ்டம்.

தீர்வு ஏதோ புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் அன்று. 2022 மார்ச்சில் இதே என்விடியா வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 3090 டிஐ அட்டையும் 450 வாட் இழுப்பதே. அதிலும் இதே பன்னிரண்டு ஊசி வகைச் செருகிதான். ஆனால் அந்த அட்டைக்குள் ஆறு ஊசிகளும் இரண்டிரண்டாக மூன்று பிரிவுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பிரிவின் மின்னோட்டமும் தனியாக அளக்கப்பட்டு, சுமை பங்கிடப்பட்டது. ஒரு பிரிவு தொடர்பை இழந்தால் அட்டைக்கு அது தெரியவரும். அடுத்து வந்த 4090-இல் ஆறு ஊசிகளையும் ஒரே தடத்தில் இணைத்துவிட்டார்கள், 5090-இலும் அப்படியே. எந்த ஊசியில் எவ்வளவு ஓடுகிறது என்று அறியும் வழியை அட்டை இழந்தது. இப்போது ஏசுஸ் நிறுவனம் தன் உயர்ந்த விலை 5090 அட்டை ஒன்றில் ஊசிக்கு ஊசி மின்னோட்டத்தை அளந்து திரையில் எச்சரிக்கிறது. அளப்பது சரி; ஆனால் பங்கிடும் வேலை நடக்கவில்லை. 3090 டிஐயில் இருந்த அந்த மூன்று பிரிவுகளை, விலை உயர்ந்த அட்டை மலிவான அட்டை என்ற வேறுபாடின்றி, 12 வோல்ட் செருகி உள்ள ஒவ்வோர் அட்டையிலும் மீண்டும் வைக்க வேண்டும். அதுவரை உருகிய செருகியைக் கொண்டுவருபவரிடம் எப்படிச் செருகினாய் என்று முதலில் கேட்காமல், எந்த ஊசியில் எத்தனை ஆம்பியர் ஓடியது என்று கம்பெனி முதலில் சொல்லட்டும்.