சோம்பல் அன்று, சோகை!

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள் பெரியோர். அந்தச் சுவரையே உள்ளிருந்து அரிக்கும் ஒரு சிற்றுயிரைப் பற்றிப் பேச நாம் கூசுகிறோம். வயிற்றுப்பூச்சி என்றதும் முகம் சுளிக்கிறோம். வகுப்பில் சிரிப்பு எழுகிறது. ஆயினும் இவ்வாண்டு மலரில் அதைப் பற்றியே எழுதத் துணிந்தோம். அதற்குக் காரணம் உண்டு.

கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் பயிலும் தோழி ஒருத்தி எங்கள் வகுப்பில் இருக்கிறாள். பிற்பகலில் அவளுக்குக் கண் சொக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். யாரும் பாராத வேளையில் பச்சரிசியை அள்ளி மெல்லுவாள். 'தூங்குமூஞ்சி' என்று அவளுக்குப் பெயரிட்டோம். மருத்துவமனையில் இரத்தமும் மலமும் சோதிக்கப்பட்ட பின்னரே உண்மை தெரிந்தது. அவளிடம் இருந்தது சோம்பல் அன்று, சோகை! அதற்குக் காரணம் கொக்கிப்புழு. பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் உட்கொண்ட சில மாதங்களில் அவள் எழுந்து நின்று கேள்வி கேட்கத் தொடங்கினாள். தலை குனிந்தவர்கள் நாங்கள்தாம்.

இப்புழு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமே உடையது. சிறுகுடலின் சுவரைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சும். அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் பொரிக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில், கண்ணுக்குத் தெரியாத இளம்புழுக்கள் அங்கே காத்துக் கிடக்கும். வெறுங்காலோடு வருபவரின் தோலைத் துளைத்து உட்புகும். இரத்தத்தோடு நுரையீரலுக்குச் சென்று, தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலை அடையும். நாக்குப்பூச்சியோ கழுவாத கையின் வழியாகவும் காய்கறியின் வழியாகவும் வாய்க்குள் வருவது. கொக்கிப்புழுவுக்குக் கால் ஒன்றே போதும்! கையை மட்டும் கழுவிவிட்டு நாம் நிம்மதி அடைவதற்கில்லை.

1838-இல் மிலான் நகரில் இறந்துபோன ஓர் இளம் குடியானவப் பெண்ணின் உடலைப் பரிசோதித்தபோதுதான் துபினி என்னும் மருத்துவர் இப்புழுவை முதன்முதலாகக் கண்டார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழை உழவர்களைச் சோம்பேறிகள் என்று ஊரார் ஏசிவந்தனர். அதற்கும் இப்புழுவே பெருங்காரணம் என்று பிறகு தெரிந்தது. 1909-இல் ராக்பெல்லர் ஆணையம் அதை ஒழிக்க அங்கே புறப்பட்டது. ஆம், நாங்கள் செய்த தவற்றை உலகம் முன்பே செய்திருக்கிறது.

இன்றும் உலகில் சுமார் 150 கோடிப் பேருக்கு மண்வழிப் பரவும் குடற்புழுக்கள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதைப் 'புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்' என்ற வரிசையில் வைத்திருக்கிறது. இது காலராவைப் போல் ஊரைக் கலக்குவதில்லை. ஏழையின் வயிற்றில் ஓசையின்றி வாழ்கிறது. ஆகவேதான் புறக்கணிக்கப்படுகிறது.

தென்பெண்ணையாற்றுக்கு வடக்கே உள்ள ஜவ்வாது மலையிலும் சமவெளியான திமிரி வட்டாரத்திலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 2017 முதல் பெரிய ஆய்வு ஒன்றை நடத்தினர். பலருக்குக் குடற்புழு இருந்தது. அதில் பெரும்பாலானது கொக்கிப்புழுவே. மலைவாழ் மக்களிடம் கூடுதலாகவும், சிறுவரைவிடப் பெரியவரிடம் மிகுதியாகவும் காணப்பட்டது. இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும்.

2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடைபெறுகிறது. தமிழ்நாட்டில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நீங்கலாக 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகத் தரப்படுகிறது. மிக நல்ல திட்டம். ஆனால் மரவள்ளிக் காட்டில் வெறுங்காலோடு களையெடுக்கும் முப்பத்தைந்து வயதுத் தாய்க்கு அந்த நாளில் மாத்திரை இல்லை, தந்தைக்கும் இல்லை. மகள் மாத்திரை மென்றுவிட்டு விடுமுறைக்கு வீடு திரும்புகிறாள். மண் மாறவில்லை, புழு மீண்டும் ஏறுகிறது. மாத்திரை உள்ளிருக்கும் புழுவைக் கொல்லுமேயன்றி, நாளை வரும் புழுவைத் தடுக்காது.

ஆகவே நாம் வேண்டுவன இவை: வெள்ளிமலை, கரியாலூர் போன்ற மலையூர்களில் வீடுதோறும் பெரியவர்களுக்கும் பரிசோதனையும் மருந்தும் கிடைக்க வேண்டும். கழிப்பறை கட்டினால் மட்டும் போதாது, அதற்குத் தண்ணீரும் வர வேண்டும். காட்டு வேலைக்குச் செல்வோர் காலில் செருப்பு இருக்க வேண்டும். 2022-இல் கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அதன் மாணவர்கள் மலையேறி வந்தால் எவ்வளவு நன்மை!

பெற்றோரே, பள்ளியில் மாத்திரை தரும் நாளில் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திக்கொள்ளாதீர்கள். தங்களுக்கும் மருந்து தேவையா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தோழியரே, மாத்திரையை மேசைக்கடியில் ஒளிக்காதீர்கள். அருட்சகோதரிகளே, விடுதிக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டுகிறோம்.

இனி வகுப்பில் எவளேனும் கண்ணயர்ந்தால், அவளுக்குப் பட்டப்பெயர் தேட மாட்டோம். "உனக்கு உடம்புக்கு என்னம்மா?" என்று முதலில் கேட்போம்.