அடுத்த முதல்வர் மெஸ்ஸில் இருக்கிறார்

கோடை விடுமுறை வந்தால் செய்தித்தாளில் ‘முதல்வர் தேவை’ விளம்பரங்கள் வரிசை கட்டும். உறைவிடப் பள்ளிகள் என்றால் நிபந்தனைகளும் கூடுதல்: முதுகலை, பி.எட்., பல வருட அனுபவம், சரளமான ஆங்கிலம், குடும்பத்தோடு வளாகத்திலேயே தங்க வேண்டும். வருகிறவர் ஆண்டுவிழாவில் பிரமாதமாகப் பேசுவார். பிள்ளைகளின் பெயர் மனதில் நிற்பதற்குள், கூடச் சம்பளம் தருகிற இடத்துக்குப் பெட்டியைக் கட்டிவிடுவார். மறுபடி விளம்பரம்.

இதைப் பேச வாலாஜாபாத்காரர்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. வா.தி. மாசிலாமணி முதலியார் நடத்திய இந்து மதப் பாடசாலை எங்கள் ஊருடையது. வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படித்த பள்ளி. பழைய ஆட்கள் பள்ளியைச் சொன்னால் அவரையும் சேர்த்தேதான் சொல்வார்கள். ஒரு பள்ளிக்கு அது பெருமை. ‘அவருக்குப் பிறகு யார்?’ என்ற கவலையும் அந்தப் பெருமையோடு ஒட்டிக்கொண்டே வருகிறது.

பகல் பள்ளியில் மணி அடித்தால் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். உறைவிடப் பள்ளியில் பாதி வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வார்டன், இரவுச் சாப்பாட்டில் தட்டுகளைத்தான் பார்ப்பார். சாம்பார் சாதத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு அப்பளத்தை மட்டும் நொறுக்கிக்கொண்டிருக்கும் பையனைக் கண்டால், ஸ்டடி முடிந்ததும் தனியாகக் கூப்பிடுவார். “வீட்ல எதாச்சும் பிரச்சினையாடா?” பெரும்பாலும் இருக்கும். இந்தக் கண் எந்த பயோடேட்டாவிலும் ஏறாது. முதல்வர் நாற்காலி காலியானால், அவர் பெயரைச் சொல்ல நிர்வாகக் குழுவில் யாருக்கும் தோன்றாது.

அதற்காக உள்ளே இருப்பவரை உட்கார வைத்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. சேரன்மாதேவி குருகுலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் 1922-இல் தொடங்கிய தேசியப் பள்ளி அது. பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்ற செய்தி வெளியே வந்ததும் தமிழ்நாடே கொதித்தது. அன்று காங்கிரஸில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் விடவில்லை. 1925-இல் ஐயர் விலகினார். பொறுப்பு உள்ளே இருந்த மகாதேவ ஐயரிடம் போனது. அந்த ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போன ஐயர் உயிரையே விட்டார். தலைமையில் ஆள் மாறியதால் பந்தித் தகராறு தீரவில்லை. குருகுலமும் பழையபடி தலையெடுக்கவில்லை. உள்ளிருந்து வருகிறவர் பள்ளியின் நல்லதோடு நோயையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு வரக்கூடும்.

டேராடூனின் டூன் பள்ளி இதற்கு வேறொரு கணக்கு வைத்திருந்தது. 1935-இல் பள்ளி திறந்தபோது தலைமை ஆசிரியர் ஆர்தர் ஃபுட், இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியிலிருந்து வந்தவர். 1948-இல் அவர் கிளம்பியதும், தொடக்கத்திலிருந்தே கூட இருந்த ஆசிரியர் ஜான் மார்ட்டின் பொறுப்பேற்று 1966 வரை நடத்தினார். 1988-இல் வந்த ஷோமி தாஸ் அங்கேயே படித்தவர். ஆனால் நேராக நாற்காலிக்கு வந்துவிடவில்லை. ஸ்காட்லாந்தின் கார்டன்ஸ்டன் பள்ளியில் பாடம் நடத்தி, அஜ்மீர் மேயோ கல்லூரிக்கும் சனாவர் லாரன்ஸ் பள்ளிக்கும் தலைமை தாங்கிய பிறகே தாய்ப் பள்ளிக்குத் திரும்பினார். வீட்டை அறிந்தவர், வெளியே போய் நாலு வீட்டையும் பார்த்துவிட்டு வந்தவர். பிற்பாடு அந்தப் பள்ளி வெளியாட்களையும் அழைத்தது; அதிலும் தப்பில்லை.

எங்கள் பக்கத்துத் தறியில் பாவு தீரப்போகும்போது பழைய இழைகளை உருவிப் போட்டுவிட மாட்டார்கள். அவை தறியில் இருக்கும்போதே புது இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு பிணைப்பார்கள். பழையது இழுக்க, புதியது பண்ணை எனும் தறிச் சீப்பின் வழியே தானாக வரும். பள்ளிகளிலும் முதல்வர் இருக்கும்போதே இந்தப் பிணைப்பு நடக்க வேண்டும். மெஸ் கணக்கையும் வரவு செலவையும் அடுத்து வரவேண்டியவர் கையில் ஒரு வருடம் கொடுத்துப் பாருங்கள். கோபமாக வரும் பெற்றோரை அவரிடம் அனுப்புங்கள். அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் பையனை அடித்துவிட்டார் என்று புகார் வந்தால், விசாரணையை அவரே நடத்தட்டும். நேற்றுவரை ஒன்றாக டீ குடித்தவர் மேல் நடவடிக்கை எடுக்க முடிகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். பிறகு ஒரு வருடம் வேறொரு பள்ளிக்கு அனுப்பிவையுங்கள். திரும்பி வந்து, இங்கே என்ன சரியில்லை என்று உங்கள் முகத்துக்கு நேரே சொன்னாரானால் அவர்தான் ஆள்.

நம்மூர்த் தனியார் பள்ளிகளில் பலவற்றின் சிக்கல் இதற்கும் மேலே இருக்கிறது. முதல்வரை எங்கு வேண்டுமானாலும் தேடலாம். தாளாளர் நாற்காலி மட்டும் குடும்பத்துக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். மகனோ மருமகளோ வரட்டும், ஆட்சேபணை இல்லை. மெஸ் கணக்கும் கோபக்காரப் பெற்றோரும் வெளியூரில் ஒரு வருட வேலையும் வார்டனுக்கு மட்டும் என்று விதி இருக்கக் கூடாது.