மின்கலக் காவல்

யூபிலி என்பது சென்றதை எண்ணி மகிழ்தற்கு மட்டும் உரிய காலமன்று. வருவதை எண்ணிக் காத்தற்கும் உரியதாகும். நம் கல்லூரித் தாயின் பழம்பெருமை கூறும் கட்டுரைகள் இம்மலரில் பல உள. யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருளோ சிறியது; ஒரு மாணவனின் உள்ளங்கையில் அடங்குவது. மாதிரி விமானங்களையும் ட்ரோன்களையும் ஓட்டக் கார்களையும் இயக்கும் இலித்தியம் பல்பகுதிய மின்கலம் பற்றியே பேசப்புகுகின்றோம். மாணவர் இதனை ‘லிப்போ’ என வழங்குவர்.

தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்க்கு மின்கலத்தோடு என்ன அலுவல் என வினவுவாரும் உளர். காரணம் உண்டு. சென்ற ஆண்டு எம் வகுப்பு மாணவன் ஒருவன், பொரித்த அப்பளம்போல் உப்பியிருந்த மின்கலம் ஒன்றைப் புத்தகப் பையிலிருந்து எடுத்து எம் மேசைமீது வைத்து, “ஐயா, இதில் எழுதியிருப்பதன் கருத்து என்ன?” என்று கேட்டான். அதில் ஆங்கிலமும் சீனமும் இருந்தன; தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளை அவன் வாசிக்க வல்லவன்; கருத்தை அறிய வல்லனல்லன். “உப்பியதைப் பயன்படுத்தாதே, ஆளில்லா இடத்தில் மின்னேற்றாதே” என்பது அதன் கருத்து என்று சொன்னோம். அவன் முகம் வெளிறிற்று. ஒரு கிழமையாக அதனை இரவு முழுவதும் தன் கட்டிலின் கீழ் வைத்து மின்னேற்றி வந்தானாம். அக்கட்டிலில் அவனோடு அவன் தம்பியும் உறங்குவான். அம்மின்கலத்தை வெளியே கொண்டுபோய் மணல் வாளியில் வைத்த பின்னரே எமக்கு மூச்சு வந்தது. அன்று தொட்டு இதுபற்றிக் கற்கலானோம்.

இம்மின்கலத்தின் பெருமையை யாம் மறைக்கவில்லை. இலித்தியம் அயன் மின்கலம் 1991இல் யப்பானிலே முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அதன் ஆக்கத்திற்கு வழிகோலிய குடினஃப், விற்றிங்காம், யோசினோ என்னும் அறிஞர் மூவர்க்கும் 2019இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அக்குடும்பத்தைச் சேர்ந்ததே நம் மாணவர் கையிலுள்ள மின்கலமும். பழைய நிக்கல் கட்மியக் கலமொன்று தருவது 1.2 வோல்ற்று; இது தருவதோ 3.7 வோல்ற்று. பாரமும் குறைவு. சிறுவன் ஒருவன் தானே செய்த விமானம் கல்லூரி மைதானத்தைச் சுற்றிப் பறப்பது இதனாலன்றோ?

ஆயின் அதன் தீங்கும் அவ்வாற்றலினுள்ளேயே உறைகின்றது. இதன் உறை வன்மையான தகரமன்று. மெல்லிய அலுமினியத் தாள். உள்ளிருக்கும் மின்பகுபொருள் எளிதில் தீப்பற்றுவது. அளவுக்கு மிஞ்சி மின்னேற்றினும், முனைகள் ஒன்றோடொன்று முட்டினும், உறை துளைபடினும் உள்ளே வெப்பம் பிறக்கும். வெப்பம் தாக்கத்தை விரைவாக்கும். தாக்கம் மேலும் வெப்பத்தைப் பெருக்கும். இவ்வாறு ஒன்றையொன்று வளர்த்துத் தீயாய் முடியும். எழும் புகையும் நஞ்சே. 2013இல் போயிங் 787 விமானங்கள் யாவும் சில மாதங்கள் நிலத்தில் நிறுத்தப்பட்டமைக்கு இலித்தியம் அயன் மின்கலமே காரணமாயிற்று. 2016இல் சாம்சுங் நிறுவனம் தன் ‘நோட் 7’ கைத்தொலைபேசியை மீளப்பெற்றதும் மின்கலம் தீப்பற்றியதனாலேயாம். பேரறிஞர் பலர் கூடிக் காத்த இடத்திலேயே காவல் தவறிற்றெனின், பதினான்கு வயதுச் சிறுவன் தனியே காப்பது எங்ஙனம்?

“கைத்தொலைபேசியை இரவிரவாக மின்னேற்றுகின்றோமே, அதற்கு ஒன்றும் நேர்வதில்லையே” என்பர் பெற்றோர். ஈண்டுத்தான் பிழை நேர்கின்றது. கைத்தொலைபேசியினுள் மின்னேற்றத்தை அளந்து நிறுத்தும் காவற்சுற்று ஒன்று உண்டு. மாதிரி விமான மின்கலத்தில் பெரும்பாலும் அது இல்லை. பாரங் குறைத்தற்பொருட்டும், மிக்க மின்னோட்டத்தை ஒருங்கே தருதற்பொருட்டும் விடப்பட்டது. கருவியினுள் இல்லாத காவலை மனிதன் ஏற்றல் வேண்டும். யாம் சொல்ல வந்த பொருளின் சாரம் இதுவே.

அக்காவல் யாது? மின்னேற்றற்குரியன முதற்கண் கூறுவோம். இலித்தியம் பல்பகுதிய மின்கலத்துக்கெனச் செய்த, கலங்களைச் சமப்படுத்தும் மின்னேற்றியையே பயன்படுத்துக. கலங்களின் எண்ணிக்கையை அதில் சரியாகக் குறித்து, சமப்படுத்தும் சிறு கம்பியையும் தவறாது பொருத்துக. ஒரு கலம் 4.2 வோல்ற்றை விஞ்சலாகாது. மூன்று கலம் கொண்டது 12.6ஐ விஞ்சலாகாது. 2200 மில்லி அம்பியர் மணி என்றிருப்பின் 2.2 அம்பியர் மின்னோட்டமே போதும். ஏறக்குறைய ஒருமணி நேரத்தில் வேலை முடியும். விமானத்திலிருந்து கழற்றி, சூடு ஆறிய பின்னர், சீமெந்து நிலத்தில் வைத்து மின்னேற்றுக. பாய், திரைச்சீலை, புத்தகம் முதலியன அண்மையில் இருத்தலாகாது. எல்லாவற்றினும் மேலானது: மின்னேறும்போது ஒருவர் விழித்திருந்து பார்த்தல்.

சேமித்து வைத்தலும் ஒரு கலையே. நிறைகுடத்தை மங்கலம் எனக் கொள்வது நம் மரபு. இக்கலத்துக்கோ பாதிக்குடமே நலம். சில நாட்கள் பயன்படுத்துவதில்லையெனின், கலமொன்றுக்கு 3.8 வோல்ற்று அளவில் நிறுத்தி வைத்தல் வேண்டும். முழுதும் ஏற்றிக் கிழமைக்கணக்கில் வைப்பின் விரைவில் நலிந்து உப்பும். 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்க விடின் பழுதாகும். முனைகளை மூடி, வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில், எரியாத பெட்டியில் வைத்தல் வேண்டும். பெட்டியின் மூடி காற்றுப் புகாதபடி இறுகியிருத்தல் கூடாது. உள்ளே வாயு எழின் அது வெளியேற வழி வேண்டும். வெயிலில் நிற்கும் காரினுள் மின்கலத்தை விட்டுச் செல்வது நம் நாட்டு வெப்பத்தில் பெருந்தவறு. உப்பியதையும் விழுந்து நசுங்கியதையும் மீண்டும் மின்னேற்றலாகாது.

நம் இல்லங்களின் வழக்கங்கள் இரண்டை ஈண்டுச் சுட்டுதல் கடன். 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. மின்சாரம் வந்தபோது வந்ததைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் அக்காலத்திலே வேரூன்றிற்று. இரவு ஒரு மணிக்கு மின்சாரம் வந்தாலும் எல்லாவற்றையும் செருகிவிட்டு உறங்கினோம். மின்வெட்டு நீங்கியது, பழக்கம் நீங்கவில்லை. மற்றையது, காலையில் முற்றம் கூட்டிக் குப்பையைக் கொளுத்துதல். பழுதான மின்கலம் அக்குப்பையோடு சேரின், தீமூட்டும் தாயின் முகத்தெதிரே அது வெடிக்கும். அதனை எரிக்காதும் புதைக்காதும், முனைகளை ஒட்டுநாடாவால் மூடி, மின்னணுக் கழிவு ஏற்கும் இடத்தில் ஒப்படைத்தலே முறை.

இவற்றையெல்லாம் கேட்டார் சிலர், “அப்படியாயின் இவ்விளையாட்டையே தடைசெய்துவிடலாமே” என்பர். யாம் அதற்கு உடன்படோம். தடுத்த பொருள் கட்டிலின் கீழே ஒளிந்துகொள்ளும். எம் மாணவனது மின்கலம் இருந்த இடமும் அதுவே. வேறு சிலர், “இக்காலப் பிள்ளைகள் நம்மினும் நன்கு அறிவார்கள்” என்று விட்டுவிடுவர். அவர்கள் பயன்படுத்த அறிவார்கள் என்பது மெய், காக்க அறிவார்களோ? நம் இரசாயன ஆய்வுகூடத்தைப் பாருங்கள். கந்தகவமிலம் கொடியது என்று அதனை எவரும் விலக்கவில்லை. மாணவன் கையில் தனியே விட்டுவிடவும் இல்லை. பூட்டி வைத்து, அளந்து கொடுத்து, ஆசிரியர் முன்னிலையில் ஊற்றக் கற்பிக்கின்றோம். அம்முறையே இதற்கும் ஆகும்.

ஆதலின், மாதிரி விமானம் செய்யும் மாணவர்க்குக் கல்லூரியிலேயே மின்னேற்றும் இடமொன்று அமைத்தல் வேண்டும் என்பது எம் துணிபு. கூரையில் மரமும் சுவரில் தாளும் இல்லாத சிறு அறை, சீமெந்துத் தட்டு, உலோகப் பெட்டிகள், மணல் வாளிகள், புகை அறிவிக்கும் கருவி, நல்ல மின்னேற்றிகள் இரண்டு ஆகியனவே வேண்டுவன. ஒவ்வொரு மின்கலத்துக்கும் எண்ணிட்டு, வாங்கிய நாள், மின்னேற்றிய நாள், கண்ட பழுது ஆகியவற்றை மாணவரே பதிவேட்டில் எழுதுதல் வேண்டும். தீப்பற்றின் முதலில் வெளியேறுக, புகையை முகராதிருக்க என்பதும் அவர்க்குப் பயிற்றப்படல் வேண்டும். ஆசிரியர்க்கு இது மேலதிகச் சுமை என்பதை அறிவோம். யாமும் அச்சுமை சுமப்போரில் ஒருவரே. ஆயினும் கிழமைக்கு இருமுறை, பாடசாலை விட்டபின் ஒருமணி நேரம் முறைவைத்து இருப்பின் அது தாங்கொணாச் சுமையன்று.

சுவரிலே விதிகள் தமிழில் எழுதப்படல் வேண்டும் என்பதை அழுத்திக் கூறுகின்றோம். உயிர் காக்கும் எச்சரிக்கை தாய்மொழியில் இல்லையெனின் அது எச்சரிக்கையாகாது, வெறும் அச்சாகும். தூய கலைச்சொல்லைத் தேடிக் காலங்கழிக்க வேண்டா. மாணவன் வழங்கும் சொல்லையே எழுதி, அவனுக்கு விளங்கும்படி சொல்வோம்.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் நீவிர், தம்பிமாருக்கும் மருமக்களுக்கும் ட்ரோன்களைப் பரிசாகக் கொணர்கின்றீர்கள். உதிரி மின்கலங்களைப் பொதிப்பெட்டியில் இடாது, முனைகளை மூடிக் கைப்பையிலேயே எடுத்துவருக. விமான விதியும் அதுவே. 100 வாற்று மணிவரை தனி அனுமதி வேண்டா; மேற்கூறிய 2200 அளவிலான மூன்று கல மின்கலம் ஏறத்தாழ 24 வாற்று மணியே. பரிசு வழங்கும்போது அதனைக் காக்கும் முறையையும் சேர்த்து வழங்குக. உம்முள் பொறியியலாளர் பலர் உளர். யாம் எழுதும் விதிகளைத் திருத்தித் தருக. யூபிலி நிதியில் மண்டபத்துக்கும் வளைவுக்கும் கொடுப்பதில் ஒரு சிறு கூற்றை இவ்வறைக்கு ஒதுக்குக. கல்லிலே பெயர் பொறிக்க அங்கே இடமிராது. ஆயினும் இரவில் ஒரு வீட்டில் இரு சிறுவர் அச்சமின்றி உறங்குவர்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க அதன் மைந்தர்!