லேசர் சீப்பும் லாபக் கணக்கும்

வெளிச்சம் பட்டால் உதிர்ந்த முடி வளரும் என்று சொல்லி லேசர் சீப்பு, லேசர் தொப்பி என்று கருவிகளை விற்கிறார்கள். விலை பல ஆயிரம் ரூபாய். ‘வெறும் பித்தலாட்டம்’ என்று தோழர்கள் சிலர் ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். விஞ்ஞானத்தைப் பரிகசிப்பது நமது வேலையல்ல. அதை எவர் கைப்பற்றி என்ன செய்கிறார் என்று பார்ப்பதே நமது வேலை.

இந்தச் சங்கதி பிறந்தது அன்றைய சோஷலிஸ்ட் ஹங்கேரியில். 1967-ல் புடாபெஸ்ட் நகரில் டாக்டர் எண்ட்ரே மெஸ்டர், லேசர் கதிர் உடலில் என்ன செய்கிறது என்றறிய எலிகளின் ரோமத்தை மழித்துச் சோதித்தார். கதிர் பட்ட எலிகளுக்கு ரோமம் சீக்கிரம் முளைத்தது. உலகத்தின் பொதுச் சொத்தாக வந்த உண்மை அது.

நாற்பதாண்டு கழித்து, 2007-ல், அமெரிக்கக் கம்பெனியொன்றின் லேசர் சீப்புக்கு அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா அனுமதி தந்தது. இதைத்தான் விளம்பரங்களில் தம்பட்டம் அடிக்கிறார்கள். ஆனால் அது எப்பேர்ப்பட்ட அனுமதி? முன்பே சந்தையிலுள்ள கருவிகளுக்கு இது சமானம் என்று காட்டினால் கிடைக்கும் அனுமதி. புதிய மருந்துக்குக் கேட்கும் கடும் பரீட்சை அல்ல.

பரீட்சையே நடக்கவில்லையா? நடந்தது. 2014-ல் வெளியான ஆராய்ச்சியில் இருநூறுக்கு மேற்பட்ட ஆண்களும் பெண்களும் வாரம் மூன்று முறை, 26 வாரம் சீப்பைப் பயன்படுத்தினர். ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 20 முடி கூடிற்று. லேசர் இல்லாத போலிச் சீப்பால் வாரிய ஆண்களில் ஒரு பிரிவினருக்கும் சுமார் 9 முடி கூடிற்று! ஆகவே பலன் உண்டு, கொஞ்சம் உண்டு. வழுக்கையில்லாத தலையில் அதே இடத்தில் நூற்றுக்கு மேல் முடியிருக்கும். முற்றிலும் வழுக்கையான தலைகளை அவர்கள் சோதனைக்குச் சேர்க்கவேயில்லை. செலவை ஏற்றது யார்? சீப்பு விற்கும் அதே கம்பெனி. தராசும் அவனுடையது, சரக்கும் அவனுடையது!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டைபாய்டு போன்ற கடும் ஜுரத்துக்குப் பிறகும், பிரசவத்துக்குப் பிறகும் இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்துக் கொத்தாக உதிரும். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே திரும்ப வளரும். அந்தச் சமயத்தில் கடன்பட்டுத் தொப்பி வாங்கிய பெண், தொப்பியைத்தான் புகழ்வாள். இரும்புச்சத்துக் குறைவால் உதிர்ந்தாலோ, அவளுக்கு வேண்டியது லேசரா, வயிறார நல்ல சாப்பாடா?

வேலையும் கல்யாணமும் கைகூடாத வாலிபனின் கவலைதான் இந்த வியாபாரத்தின் மூலதனம். அவன் சோம்பேறியுமல்ல, மைனருமல்ல. அவனைக் கேலி செய்வதை நம்மவர்களும் நிறுத்தவேண்டும். 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் மருத்துவக் கருவிகள் யாவும் மருந்துச் சட்டத்தின்கீழ் வந்துவிட்டன. அப்படியானால் கம்பெனிக் காசு கலவாமல், சர்க்கார் மருத்துவக் கல்லூரிகளின் தோல் பிரிவுகளில் இக்கருவிகளைச் சோதித்து, முடிவைத் தமிழில் வெளியிடட்டும். அதுவரை, மாதத் தவணைக்குக் கையெழுத்துப் போடுமுன் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு வாங்கி, முடி ஏன் உதிர்கிறதென்று டாக்டரிடம் கேளுங்கள்.