இரண்டு சுவர்கள் கூடுமிடம்

புது வீட்டைச் சுற்றிக் காட்டுபவர்கள் தரையைக் காட்டுவார்கள். கதவின் செதுக்கு வேலையைக் காட்டுவார்கள். சுவரும் சுவரும் கூடும் மூலையை எவரும் காட்டுவதில்லை. வீட்டின் பலம் அந்த மூலையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. பூச்சு மூடுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட வேண்டும்.

ஒரு தபால் அட்டையை மேசைமேல் நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். நிற்காது. 'ட' வடிவில் மடித்து நிறுத்துங்கள், நிற்கும். சுவரும் இப்படித்தான். நீளவாக்கில் தள்ளினால் நன்றாக எதிர்க்கும். முகத்தில் தள்ளினால் எளிதில் சாயும். ஒன்று சாயாமல் அதற்குக் குறுக்கே நிற்கும் மற்றொன்று பிடித்துக்கொள்கிறது. மடிப்பைக் கத்தரித்துவிட்டால் இரண்டு பாதியும் விழும்.

செங்கல் சுவரில் மடிப்பு எது? ஒரு வரிசையில் இந்தச் சுவரின் கல் அந்தச் சுவருக்குள் புகும்; அடுத்த வரிசையில் அதன் கல் இதற்குள் புகும், விரல்களைக் கோத்தது போல. இதில் அழகான கணக்கு ஒன்று உண்டு. 9 அங்குலச் சுவரில் ஒரு வரிசை நீளக்கல், அடுத்த வரிசை குறுக்குக்கல் என்று கட்டுவதாகக் கொள்வோம். சாந்தையும் சேர்த்துக் கல்லின் நீளம் 9 அங்குலம், அகலம் 4½. மூலையிலிருந்து அளந்தால் நீளக்கல் வரிசையின் செங்குத்து இணைப்புகள் 9, 18 அங்குலத்தில் வரும். குறுக்குக்கல் வரிசையில் 4½, 9, 13½, 18. இணைப்பின்மேல் இணைப்பு! விரிசலுக்கு நாமே வழி வெட்டிக் கொடுத்தது போலாகும். ஆகவே கொத்தனார் குறுக்குக்கல் வரிசையில், மூலைக்கல்லை அடுத்து, நீளவாக்கில் பிளந்த 2¼ அங்குலத் துண்டு ஒன்றை வைக்கிறார். இணைப்புகள் 4½, 6¾, 11¼, 15¾, 20¼ என்று நகர்ந்துவிடுகின்றன. 9-இலிருந்தும் 18-இலிருந்தும் அவை எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

நான் குறை கூறுவது வேறொரு வழக்கத்தை. வெளிச்சுவரை முழு உயரத்துக்கு எழுப்பிவிட்டு, உள்சுவரைப் பின்னர் கொண்டுவந்து முட்டவைத்துச் சாந்தால் ஒட்டிவிடுகிறார்கள். வேலை சுலபம்தான். ஆனால் அழுத்தத்தைத் தாங்கும் சாந்து, இழுத்தால் எளிதில் விட்டுவிடும். மூலையோரம் பூச்சின்மேல் செங்குத்தாக ஒரு கோடு தோன்றும். வெள்ளையடித்தால் மறைந்து மீண்டும் வரும். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 4326, மூலைகளை முதலில் 600 மில்லிமீட்டர் உயரத்துக்குப் படிப்படியாகக் கட்டிக்கொண்டு, பிறகு இடையை நிரப்பச் சொல்கிறது. இல்லையேல் சுமார் 450 மில்லிமீட்டருக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பல் விட வேண்டும். பற்களுக்குள் சாந்தை முழுதும் அடைப்பது கடினம். ஆகவே படி முறையே மேல் என்பேன்.

காங்கிரீட் தூண்கள் இருக்கின்றனவே என்பீர்கள். தூணின்றிச் சுவரே பாரம் தாங்கும் வீடுகள் நம் நாட்டில் இன்னும் ஏராளம்.

1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் கில்லாரிப் பகுதியில் நிலம் அதிர்ந்தது. சுமார் 8,000 பேர் மாண்டனர். அங்கே பல வீடுகளின் கற்சுவர்கள் இரண்டடிக்கும் மேல் கனமானவை. கனம் காப்பாற்றவில்லை. மண் சாந்தில் கற்களை அடுக்கியிருந்தார்கள். சுவரின் உள்முகத்தையும் வெளிமுகத்தையும் பிணைக்கும் நீண்ட கல் இல்லை. மூலையில் சுவரோடு சுவரைப் பிணைக்கும் கல்லும் இல்லை. மூலைகள் பிரிந்ததும் சுவர்கள் தனித்தனியே சாய்ந்தன. இத்தகைய வீடுகளில் மூலைக்கு நீண்ட கற்களும், கதவு நிலைக்கு மேல் எல்லாச் சுவர்களையும் சுற்றி வளைக்கும் ஒரு பட்டையும் வேண்டும். நீண்ட கல் கிடைக்காத ஊரில் காங்கிரீட்டிலேயே அத்தகைய கட்டைகளை வார்த்து வைக்கலாம்.